உத்தரத்து அம்பயர்

செண்பகனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பாண்டிச்செல்வி நடத்தும் டீக்கடையில் ஒரு பலகை இருக்கிறது. ஆறடி உயரம். பச்சை வர்ணம் பூசி, வெள்ளையில் எழுதியது. தலைப்பில் 'மழைக்கோப்பை, உள்ளரங்க டென்னிஸ்' என்று இருக்கும். அதன் கீழே 1969 முதல் ஒவ்வொரு வருஷத்துக்கும் நேராக ஒரு பெயர். 1977-க்கு நேராக மட்டும் 'மழை' என்று எழுதியிருக்கிறது. அப்படி ஓர் ஆட்டக்காரர் இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வருஷம் மலைச்சாலை சரிந்து, மழைக்காகவே வைத்த போட்டி மழையாலேயே நின்றுபோனது. கடைசி வரி 1996. அதற்கு நேராக ஒன்றுமில்லை. வருஷத்தை எழுதியவர் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார்.

என்னைப் போன்றவளுக்கு இது போதும். என் பெயர் சிவபாக்கியம். கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது இலாகா விதி. விதி எனக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. பாதியில் லைன் அறுந்துபோன பேச்சின் மீதி என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கியதில்லை. அந்தக் கடைசி வரியைப் பார்த்த அன்றும் இறங்கவில்லை.

பாண்டிச்செல்வியைக் கேட்டேன். அப்பாவைக் கேளுங்கக்கா என்றாள். அப்பா என்பது வேலப்பன் அண்ணன். எழுபத்தைந்து வயது. காது மறைய மங்கிகுல்லா போட்டுக்கொண்டு, கடையின் மூலை பெஞ்சில், அந்தப் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்து இரண்டு வேளை டீ குடிப்பவர். போட்டி நடந்த காலத்தில் பலகையில் பெயர் எழுதிவந்தது அவர்தான். 1996 ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டேன். பெயிண்ட் தீர்ந்துபோயிற்று என்றார்.

"இருபத்தெட்டு வருசமாவா தீந்துபோச்சு?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள். அவர் எழுந்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? ஊரில் கேட்க ஆரம்பித்தேன். மழைக்கோப்பை ஏன் நின்றது என்று பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு காரணம் வந்தது. கேபிள் டிவி வந்ததால் என்றார் ஒருவர். வாட்டில் பட்டை வியாபாரம் படுத்ததால் என்றார் இன்னொருவர். பழைய ஆட்டக்காரர் ஒருவர், பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டே, உத்தரத்து அம்பயரைக் கேள் என்றார். அது யார் என்றேன். தினமும் உன்னோடு டீ குடிக்கிறானே, அவன்தான் என்றார்.

இனி நான் துருவித் துருவித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்போது செண்பகனூர் ஓரத்தில் வாட்டில் பட்டைக் கிடங்கு ஒன்று இருந்தது. காட்டில் வாட்டில் மரத்தின் பட்டையை உரித்துக் காயவைத்து, தோல் பதனிடக் கீழே அனுப்புவார்கள். ஐப்பசி அடைமழையில் பட்டை காயாது. கிடங்கு காலியாகக் கிடக்கும். வெளியே இருந்த டென்னிஸ் கோர்ட்டுகள் எல்லாம் அந்த மாதம் குளமாகிவிடும். கிடங்கு முதலாளிக்கு டென்னிஸ் பைத்தியம். கிடங்கின் சிமெண்ட் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டார். முதல் இரண்டு வருஷம் வலைக்குப் பதிலாகச் சாக்கைத் தைத்துக் கட்டினார்களாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். ஒரு பக்கம் பின்கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஐந்தடிதான் இருந்தது. பின்வாங்கினால் முதுகு இடிக்கும்.

சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வெறுங்கையோடு வரக் கூடாது. போட்டி நடக்கும் ஒரு வாரத்துக்கும் கிடங்குக்குப் பின்னால் ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சமையல். கிளாவரை, கவுஞ்சி போன்ற மேல்மலைக் கிராமத்து விவசாயிகள் பூண்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவருவார்கள். பழனி அடிவாரத்துக் கடைக்காரர்கள் பஞ்சாமிர்தம் கொண்டுவருவார்கள். பாங்க் மேனேஜரும் கிளப்பில் பரிமாறும் பேரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஒருவரையொருவர் தோற்கடிக்கப் போவார்கள்.

வேலப்பன் அண்ணனுக்கு டென்னிஸ் தெரியாது. அவர் அய்யம்பாளையத்துக்காரர். தகரக் கூரை போடும் மேஸ்திரியோடு பத்தொன்பது வயதில் மலையேறியவர். இந்த ஊரில் ஒழுகாத கூரை ஒன்று இருந்தால் அதை அவர் தொட்டிருக்கிறார் என்று சொல்வார்கள். 1971-இல், ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே கிடங்குக் கூரையில் ஒழுக ஆரம்பிக்க, உள்ளேயிருந்தே ஏறி, உத்தரத்தில் உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தார். கீழே சண்டை வந்தது. கிடங்கின் குறுக்கே ஐந்து உத்தரங்கள் ஓடும். அடித்த பந்து உத்தரத்தில் பட்டால் அடித்தவருக்குப் பாயிண்ட் போய்விடும் என்பது அங்கே சட்டம். பட்டது என்கிறார் ஒருவர், படவே இல்லை என்கிறார் மற்றவர். முதலாளி நிமிர்ந்து பார்த்து, மேலே இருக்கிற தம்பி, நீ சொல் என்றார். படலை என்றார் இவர். ஆட்டம் தெரியாதவன், யாருக்கும் வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை. ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் அவருக்கென்று உத்தரத்தில் ஒரு பலகை அடித்து ஏணியும் வைத்தார்கள். அதிலிருந்து 1996 வரை, சாலை சரிந்த வருஷம் தவிர, ஐப்பசிதோறும் ஒரு வாரம் வேலப்பன் அண்ணன் மேலே குந்தியிருந்து இரண்டே இரண்டு வார்த்தை சொன்னார். பட்டுச்சு. படலை. பாங்க் மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்துத்தான் பேசியாக வேண்டும். மற்ற நாளில் அதே மேனேஜர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூலிக்கு நின்ற மனிதர் இவர். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மீதி ஐம்பத்தொரு வாரமும் தகரம் அடித்தேன் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

தகரத்தில் அடைமழை விழும்போது பந்து மரத்தில் உரசும் சத்தம் கேட்காது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். உத்தரத்தின் அடியிலும் பக்கங்களிலும் காவிக்கல்லை அரைத்துப் பூசினார். பந்து பட்டால் பந்தில் சிவப்பு ஒட்டும். அப்போது பந்து வெள்ளை. பிறகு மஞ்சள் பந்து வந்தது, அதில் காவி சரியாகத் தெரியவில்லை. ஆட்டக்காரர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகிறது என்று வீட்டுக்கு வீடு பெண்கள் சண்டைக்கும் வந்தார்கள். சுண்ணாம்பு கண்ணுக்கு ஆகாது. மாவு எலிக்கு விருந்து. கடைசியில் திருநீறு என்று முடிவாயிற்று. ஈரக்காற்றிலும் மரத்தில் பிடித்து நிற்கும், மஞ்சள் பந்தில் பளிச்சென்று தெரியும். பழனியில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த சேனாதிபதி, 1980-லிருந்து ஒரு வருஷம் விடாமல் ஆட வந்தவர், ஒவ்வொரு முறையும் ஒரு பை திருநீறு கொண்டுவந்து கொடுத்துவிடுவார். சாமி திருநீறைக் கொண்டுபோய் எலி ஓடும் மரத்தில் பூசுகிறீர்களே என்று வேலப்பன் அண்ணனின் சம்சாரம் ராக்காயி வருஷா வருஷம் திட்டினார். அந்த அம்மாள் இன்று இல்லை. ஆனால் சாமி குற்றம் வந்துசேரும் என்று அவர் பயந்தது வேறு விதத்தில் நடந்துவிட்டது.

இன்னொன்றையும் நான் கவனித்து வைத்திருந்தேன். வேலப்பன் அண்ணன் நெற்றியில் திருநீறு கிடையாது. தைப்பூசத்துக்குக் கூட்டத்தோடு நடந்தே பழனி போய்வருவார். முடி இறக்குவார். ஆனால் நெற்றி வெறுமை. நாத்திகராகிவிட்டார் என்று சிலர், வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்று சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் என் பங்குக்கு ஒன்றிரண்டு ஊகம் செய்தேன், ஒன்றும் பலிக்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் ஒரு நாள், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் பஸ்ஸை விட்டிறங்கி நேரே கடைக்கு வந்தாள். பலகை முன்னால் நின்று விரலால் வருஷங்களைத் தொட்டுக்கொண்டே இறங்கினாள். 1996 வந்ததும் விரல் நின்றது. பெயர் தேவசேனா. சேனாதிபதியின் மகள். பழனியில் அப்பாவின் கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை இருக்கிறது. அதில் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. மழைக்கோப்பை என்று மட்டும் வெட்டியிருக்கிறது. அவள் தம்பி ஜெயமுருகன், அது அப்பா மதுரையில் காசு கொடுத்து வாங்கியது, கடைக்கு வருபவர்களிடம் பெருமையடிக்க வைத்துக்கொண்டது என்று சொந்தக்காரர்கள் நடுவே சொல்லிச் சிரித்திருக்கிறான். போட்டியைப் பற்றி எங்கே தேடியும் ஒரு வரி கிடைக்கவில்லை. செண்பகனூரில் ஒரு பலகை இருப்பதாக அப்பா எப்போதோ சொன்னதை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எங்கப்பா பேரு இதுல இருக்கும்னு நெனச்சு வந்தேங்கய்யா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

வேலப்பன் அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை. பெயிண்ட் தீர்ந்துபோயிற்று, ஐப்பசி முதல் ஞாயிறு வாருங்கள் தாயி, எழுதி வைக்கிறேன் என்றார். அவள் நம்பிக்கொண்டு போனாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக அந்த வரிக்கு ஒரு தேதி விழுந்தது.

மறுநாள் வெள்ளனே கடைக்குப் போனேன். பாண்டிச்செல்வி பால் வாங்கப் போயிருந்தாள். வேறு ஆள் இல்லை. அண்ணே, இப்போதாவது சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நான் இந்தப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கமாட்டேன் என்றேன். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். பலகையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

1996 இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சேனாதிபதி. மறுபக்கம் கிளாவரை செல்லப்பாண்டி, முப்பது வயது, பூண்டு விவசாயி. கொடைக்கானலில் பள்ளி விடுதியில் இருந்து படித்தபோது டென்னிஸ் கற்றவர். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நாலு என்று செல்லப்பாண்டி முன்னால் இருக்கிறார். இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை அவருக்கு. மேல்மலைக்காரர் ஒருவர் அதுவரை ஜெயித்ததே இல்லை. கிளாவரையிலிருந்து ஒரு லாரி நிறைய ஆள் வந்து சுவரோரம் நிற்கிறது. சர்வீஸ் சேனாதிபதி. செல்லப்பாண்டி அந்தப் பந்தை உயரத் தூக்கி அடித்தார். பந்து மூன்றாவது உத்தரத்தை ஒட்டிப் போய், சேனாதிபதி தலையைத் தாண்டி, கோட்டுக்கு உள்ளே விழுந்தது. கிளாவரை ஆட்கள் துள்ளினார்கள். பழனிக்காரர்கள் பட்டுச்சு என்று கத்தினார்கள். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

வேலப்பன் அண்ணன் பார்க்கவில்லை. பந்து உத்தரத்தை நெருங்கிய நொடியில் கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் கண்ணில் விழுந்தது. அவரே அடைத்த கூரை. மழை இரைச்சலில் சத்தமும் கேட்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. பந்தைக் கொடுக்கச் சொன்னார். மேலே எறிந்தார்கள். பந்தில் திருநீறு இருந்தது. பட்டுச்சு என்றார். பாயிண்ட் சேனாதிபதிக்கு. அந்த கேமும் அடுத்தடுத்த இரண்டு கேமும் சேனாதிபதிக்கே போக, கோப்பையும் போயிற்று.

பரிசு கொடுக்கும்போதுதான் பார்த்தார். ஆட்டத்துக்கு முன்னால் சேனாதிபதி, உத்தரத்துக்குக் கொடுத்த அதே பையிலிருந்து ஒரு பிடி எடுத்து நெற்றி நிறையப் பூசியிருந்தார். இப்போது நெற்றியில் ஒன்றுமில்லை. கோப்பையை வாங்கிய கையெல்லாம் வெள்ளை. வியர்வையை வழித்த கையால்தான் பந்தை எடுத்து சர்வீஸ் போட்டிருக்கிறார். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்ததும் வேலப்பன் அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். பந்து பட்ட இடத்தில் எப்போதும் ஓர் அழிந்த வட்டம் இருக்கும். மூன்றாவது உத்தரத்தில், காலையில் பூசிய பூச்சு கலையாமல் அப்படியே இருந்தது.

"எறங்கிப் போயி சொல்லிருக்கணும். சொல்லல" என்றார். "சொன்னா, அப்ப முன்ன சொன்னதெல்லாம் சரியான்னு கேப்பாங்கள்ல? எழுதுன பேரு பூராம் சந்தேகமாயிரும். எம்பேரு போயிரும்னு பயம். வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் பலகையில் 1996 என்று எழுதினார். அதற்கு மேல் கை போகவில்லை. பெயிண்ட் இல்லை என்றார். அடுத்த ஐப்பசியில் மேல்மலையிலிருந்து ஒருவர்கூட ஆட வரவில்லை. பதினாறு பேர் வேண்டிய இடத்தில் ஏழு பேர். முதலாளி வெறுத்துப்போய்ப் போட்டியை விட்டார், பிறகு கிடங்கையும் விற்றார். இன்று அங்கே காட்டேஜ் இருக்கிறது, வாசலில் ஹோம் மேட் சாக்லேட் விற்கிறார்கள். செல்லப்பாண்டியின் கோபத்தில்தான் மேல்மலை முழுக்க வராமல் இருந்தது, அந்தப் போட்டியைக் கொன்றது நான்தான் என்றார் வேலப்பன் அண்ணன். திருநீறு பூசாததும் அன்றிலிருந்துதான். சாமி மேல் கோபமில்லை. திருநீறைப் பார்த்தால் அந்தப் பந்துதான் தெரிகிறதாம்.

இப்போது பலகையில் யார் பெயரை எழுதுவது? சேனாதிபதி என்று எழுதினால் பொய். செல்லப்பாண்டி என்று எழுதினால் அந்தப் பெண் தம்பி முன்னால் எப்படி நிற்பாள்? ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது. பறிகொடுத்தவரையே கேட்டுவிடுவோம், கிளாவரைக்கு பஸ் இருக்கிறது என்றேன். உனக்கென்ன, வேடிக்கை பார்க்கிற சோலி என்று முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்றார்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று பஸ் வளைந்து வளைந்து போனது. வேலப்பன் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் கூரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். இது துருப்பிடிச்சிருச்சு, அது சாய்வு போதாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போகப் போக அதுவும் நின்றுவிட்டது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பஸ்ஸில் போகிறவருக்கும் பொருந்தும்போல.

செல்லப்பாண்டி வீட்டுக்குப் பின்னால் விதைப்பூண்டைப் பல் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்கு உடம்பு இன்னும் இறுக்கம். வேலப்பன் அண்ணனை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உத்தரத்து அண்ணனைக் கீழே வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நின்றபடியே, மூச்சுவிடாமல், கண்ணில் விழுந்த சொட்டிலிருந்து கலையாத உத்தரம்வரை சொல்லி முடித்தார். தீர்ப்பு தப்பு தம்பி, கோப்பை உன்னுடையது, உன் பெயரைத்தான் எழுதப்போகிறேன் என்றார்.

செல்லப்பாண்டி கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டார்.

"அந்தப் பாயிண்ட் எனக்கு வந்திருக்கணும். வந்திருந்தா கோப்பையும் வந்திருக்கும். அது வாஸ்தவந்தாண்ணே" என்றார். "ஆனா அதோட ஆட்டம் முடிஞ்சிரலையே. அடுத்த கேம் என் சர்வீஸ். முப்பது–சைபர்ல நின்னேன். அதையும் விட்டேன். ஏன்னு தெரியுமா? அவரு நெஞ்சப் பாத்து அடிச்சேன். ஜெயிக்கணும்னு அடிக்கல, அவருக்கு வலிக்கணும்னு அடிச்சேன். ஒண்ணு பட்டுச்சு. மிச்சமெல்லாம் வெளிய போச்சு."

"அந்தக் கோவம் நான் குடுத்ததுதானப்பா" என்றார் அண்ணன்.

"கோவம் என்னோடதுண்ணே. தோத்தது நான். அதையும் நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டா, அந்த ஆட்டத்துல எனக்குன்னு என்னதான் இருக்கு?"

அப்படியானால் அடுத்த வருஷம் ஏன் மேல்மலைக்காரர்கள் வரவில்லை என்று நான் நடுவில் புகுந்து கேட்டேன். செல்லப்பாண்டி என்னை விநோதமாகப் பார்த்தார். அந்த ஐப்பசியில் கவுஞ்சிக்கு இந்தப் பக்கம் ரோடே அடித்துக்கொண்டு போய்விட்டது, பன்னிரண்டு நாள் பஸ் இல்லை, பூண்டு மூட்டையே கீழே இறங்கவில்லை, ஆள் எப்படி இறங்குவது என்றார். வேலப்பன் அண்ணன் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம் ஒரு கொலையைச் சுமந்த மனிதரிடம், செத்தது வேறு நோயில் என்று சொன்னால் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் இருந்தது.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்காரவைத்துப் பூண்டுக் குழம்பு ஊற்றினார்கள். கிளம்பும்போது செல்லப்பாண்டி பஸ்வரை வந்தார். சேனாதிபதி பெயரையே எழுதுங்கள் என்றார். பிறகு, பஸ் கிளம்பும் நேரத்தில், "சும்மா எழுதிராதீங்கண்ணே. தீர்ப்பு தப்புன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டு எழுதுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் பேச்சு. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்துவிட்டது, அந்தப் பிள்ளைக்கு எதற்கு என்றார் வேலப்பன் அண்ணன். சொல்ல அவருக்கு வெட்கம், சொன்னால் அவள் முகம் என்ன ஆகுமோ என்ற பயம். நானும் சொல்ல வேண்டாம் என்றேன். ஊரில் ஒருத்தர் விஷயம் விடாமல் தெரிந்துகொள்ளப் பிறந்தவள் நான். ஒரு விஷயம் ஒருத்திக்குத் தெரியாமலே போகட்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான் முதல் தடவை. அவள் பலகையைத் தொட்டுக்கொண்டு இறங்கிய விரல் என் கண்ணிலேயே நின்றது.

ஐப்பசி முதல் ஞாயிறு, மழை தூறிக்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி புது டப்பா வெள்ளைப் பெயிண்டும் இரண்டாம் நம்பர் பிரஷ்ஷும் வாங்கி வைத்திருந்தாள். இனிமேல் தீர்ந்துபோச்சு என்று சொல்ல முடியாது பாருங்கள் என்றாள். பத்து மணிக்கு தேவசேனா வந்தாள். ஒயர் கூடையில் துண்டு சுற்றிய கோப்பை. பெயருக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் படமெடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட வேண்டுமாம்.

பலகையைத் துடைத்துச் சாய்த்து வைத்தோம். வேலப்பன் அண்ணன் பிரஷ்ஷை நனைத்தார். 1996-க்கு நேராகக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். சொட்டு ஒன்று தரையில் விழுந்தது. எழுதிவிடுங்கள் அண்ணே, எழுதிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். சொட்டு, பந்து, திருநீறு, உத்தரம் எல்லாவற்றையும் சொன்னார். கிளாவரையில் சொன்னதைவிட மெதுவாகச் சொன்னார். தேவசேனா கூடையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எங்கப்பா ஜெயிக்கலையாங்கய்யா?"

"ஒரு பாயிண்ட நான் தப்பாக் குடுத்தேன் தாயி. அது என் தப்பு. அதுக்கப்புறம் எடுத்ததெல்லாம் அவரு ஆடி எடுத்தது. தோத்தவரே அவரு பேரத்தான் எழுதச் சொன்னாரு" என்றார்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி அடுப்பைக் குறைத்துவிட்டாள். அப்பாவுக்கு இது தெரியுமா என்று தேவசேனா கேட்டாள். தெரியவில்லை தாயி என்றார் அவர். தன் கையைத் தானே பார்க்காத மனிதர் உண்டா? பார்த்திருப்பார். பார்த்தும் புரியாமல் இருந்திருக்கலாம். புரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இந்த ஒரு லைனை மட்டும் எந்த எக்ஸ்சேஞ்சாலும் இணைத்துத் தர முடியாது.

"செல்லப்பாண்டி அடிச்ச பந்து இங்கதான் பட்டுச்சுன்னு நெஞ்சத் தடவித் தடவிச் சிரிப்பாரு" என்றாள் அவள் கடைசியில். "அதுக்கு மேல அந்த மேட்ச்சப் பத்தி ஒண்ணுமே சொல்லமாட்டாரு. ஏன்னு கேட்டதில்ல." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்கய்யா. என் தம்பிகிட்ட முழுசாவே சொல்லிக்கிறேன்" என்றாள்.

அவர் பிரஷ்ஷை எடுக்கக் குனிந்தபோது, ஒரு நிமிஷம் என்றாள். கூடைக்குள் கைவிட்டு, கோப்பைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அப்பா இங்கே வெறுங்கையோடு வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் கடைத் திருநீறு. பிரித்து நீட்டினாள்.

வேலப்பன் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மங்கிகுல்லாவைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். மூன்று விரலில் தொட்டு நெற்றி நிறைய இழுத்தார். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த நெற்றி வெள்ளையாயிற்று. பிரஷ்ஷை எடுக்கப் போனவர் கையை நிறுத்தி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, வேட்டியில் ஒன்றுக்கு இரண்டு தடவை துடைத்து, ஒரு துளி திருநீறும் ஒட்டவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் காட்டிவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தார்.